முதலில் மூச்சு, பிறகு கண்

எங்கள் கண் மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் படம் எடுத்த கையோடு, நோய் இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். இதை எனக்குப் போனில் சொன்னவள் கவிதா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த நர்ஸ். சொல்லிவிட்டு, “அப்ப இனிமே நாங்கள்லாம் எதுக்கு சிஸ்டர்?” என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் பயமும் இருந்தது. போனில் எதையோ சொல்லிச் சமாளித்தேன். வைத்த பிறகுதான், நான் சொன்னது பதிலே இல்லை என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது ஆவடியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. நர்சிங் படித்தேன். பிரசவ வார்டில் சில வருடம், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகிக் கொரட்டூருக்கு வந்த பிறகு கண் மருத்துவமனையில் சேர்ந்தேன். கண்ணைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. “குறைமாசக் குழந்தைங்களைத் தூக்கிப் பழகின கை வேணும். கண்ணை நாங்க சொல்லித் தர்றோம்” என்றார்கள்.

அவர்கள் சொல்லித் தந்த கண் கதை இதுதான். தாயின் வயிற்றில் குழந்தையின் விழித்திரைக்கு ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல வளர்ந்துகொண்டு போகும். மாதம் நிறைந்தால் ஓரம்வரை போய்ச் சேர்ந்துவிடும். ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மிச்ச வழியை வெளியே வந்த பிறகு ஒழுங்காகக் கடந்துவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் தாறுமாறாக, முறுக்கிக்கொண்டு வளரும். கடைசியில் விழித்திரையையே பிடித்து இழுத்துப் பிய்த்துவிடும், பார்வை போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் கறுகறுவென்று அழகாகத்தான் இருக்கும். பெற்ற தாய்க்கும் தெரியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும். பார்த்து, நேரத்தோடு லேசர் வைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்த ‘நேரத்தோடு’ என்பது சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள்தான்.

இந்தக் குழந்தைகள் எங்களைத் தேடி வர முடியாது, இன்குபேட்டரில் இருப்பார்கள். அதனால் நாங்கள்தான் தேடிப் போனோம். வேனில் கேமரா, கூடவே நான், டாக்டர் நிர்மலா. ஒரு நாள் ஆவடி, ஒரு நாள் அம்பத்தூர், ஒரு நாள் பூந்தமல்லி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போவோம்.

டாக்டர் நிர்மலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, சத்தமில்லாத செருப்பு. குழந்தைகள் பிரிவுக்குள் நுழைந்ததும் கேமராவைத் தொட மாட்டார். கையைக் கழுவிவிட்டு, குழந்தையின் பக்கத்தில் போய் நின்று அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் சேர்ந்த புதிதில், எதற்கு இப்படி நிற்கிறார் என்று குழம்பினேன். “முதல்ல மூச்சு பத்மா, அப்புறம்தான் கண்ணு” என்றார். அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

பிறகு வேலை தொடங்கும். கண்ணின் நடுவிலுள்ள பாவையை விரியவைக்கும் சொட்டு மருந்து, பெரியவர்களுக்குப் போடுவதைவிட நீர்த்தது. ஒரு சொட்டு விட்டதும் வழிவதைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். வழிந்தது உடம்புக்குள் போனால் ரத்த அழுத்தம் ஏறிவிடும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒரு சொட்டு. பாவை முழுக்க விரியும்வரை காத்திருக்க வேண்டும். பால் கொடுத்த சூட்டோடு செய்யக் கூடாது, கக்கிவிடும். துணியில் கையும் காலும் அடங்கச் சுற்றி, தலையை என் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வேன். உதட்டில் ஒரு துளி தாய்ப்பால். கண் மரத்துப்போக ஒரு சொட்டு. இமைகளை விலக்கிப் பிடிக்க ஒரு சின்னக் கம்பிக் கிளிப் உண்டு. டாக்டர் அதைத் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டுத்தான் வைப்பார். “கண்ணா, கொஞ்சம் கஷ்டமா இருக்கும். சீக்கிரம் முடிச்சிடறேன்” என்று குழந்தையிடம் சொல்வார். ஒவ்வொரு குழந்தையிடமும், அதே மரியாதையுடன்.

ஒருமுறை அம்பத்தூரில் ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டதுமே ஆக்சிஜன் அளவு இறங்க ஆரம்பித்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகி வந்து, “மேடம், இன்னும் ரெண்டு மூணு குழந்தை வெயிட் பண்ணுது. அடுத்த ஆஸ்பத்திரிக்கு வேற போகணும்னீங்க” என்று அவசரப்படுத்தினார்.

“இவருக்கு இப்ப என்னைப் பார்க்க இஷ்டமில்லை சார். இஷ்டம் வரட்டும்” என்றார் டாக்டர், குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று எல்லா இடத்துக்கும் தாமதமாகவே போனோம். திட்டு வாங்கியவள் நான். போன் என் கையில்தானே இருந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. முடிவை நின்றுகொண்டு சொல்ல மாட்டார். வராந்தாவில் சொல்ல மாட்டார். அம்மாவை உட்காரவைத்து, தானும் அதே உயரத்தில் உட்கார்ந்துதான் சொல்வார். நல்ல சேதிக்கும் அப்படித்தான். “நல்லாயிருக்குன்னு போற போக்குல சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க பத்மா. ராத்திரியெல்லாம் யோசிப்பாங்க” என்பார்.

அப்படிப்பட்டவருக்கே ஒரு நாள் உட்கார நேரமில்லாமல் போயிற்று. நான் சொல்லவந்தது அந்த நாளைப் பற்றித்தான்.

பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நூம்பலைச் சேர்ந்த அமுதா என்ற பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்திருந்தது. கணவர் சேகர், மெட்ரோ வேலைக்கு மண் அள்ளும் டிப்பர் லாரி டிரைவர். குழந்தை ஒரு கை நீளம்கூட இல்லை. முதல் பரிசோதனை. எல்லாம் முறைப்படிதான் செய்தோம். இமைகளை விலக்கி, கேமராவின் முனையைக் கண்ணில் வைத்தோம். ஒரு கண் முடிந்தது. இரண்டாவது கண்ணில் வைத்த கொஞ்ச நேரத்தில் இதயத் துடிப்பு சரசரவென்று இறங்கியது. என் கைகளுக்கு நடுவே இருந்த அந்தத் தலை சட்டென்று கனத்தது. மூச்சு நின்றுவிட்டது. உதடு நீலமாகியது.

டாக்டர் கேமராவையும் கிளிப்பையும் எடுத்துவிட்டார். நான் உள்ளங்காலைத் தேய்த்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் முகமூடி வைத்து மெல்லக் காற்றுக் கொடுத்தாள். ஒரு விக்கல் மாதிரி வந்தது, பிறகு அழுகை. எங்களுக்கு அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் கிடையாது.

குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படி நடப்பதுண்டு. அதற்குத் தயாராகவே நாங்கள் நிற்போம். அன்றைக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் உடனே லேசர் வைக்க வேண்டிய குழந்தை ஒன்று காத்திருந்தது. அதனால் டாக்டர் குழந்தையின் மூச்சு சீராகும்வரை நின்று பார்த்துவிட்டு, “ரத்தக்குழாய் இன்னும் முழுசா வளரலை. அடுத்த வாரம் கண்டிப்பா பார்க்கணும்னு பெத்தவங்ககிட்ட சொல்லிடுங்க” என்று அங்கிருந்த நர்ஸிடம் சொல்லிவிட்டு வேகமாகக் கிளம்பினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் போனபோது குழந்தை இல்லை. எடை கூடியதால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பரிசோதனைக்கு வரச் சொல்லியும் வரவில்லை. போன் செய்தேன், குரலைக் கேட்டதும் துண்டித்துவிட்டார்கள். மறுபடி செய்தேன்; எடுக்கவே இல்லை. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பூந்தமல்லியில் வேலை முடிந்து வேனில் ஏறியதும் டாக்டர், “வண்டியை நூம்பலுக்கு விடச் சொல்லுங்க” என்றார்.

வேலப்பன்சாவடியிலிருந்து உள்ளே திரும்பினோம். இரண்டு பக்கமும் புது அடுக்குமாடிகள். அவற்றுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டு வீடு. குடும்பத்துக்கு ஒரு காலத்தில் அங்கே நிலம் இருந்திருக்கிறது. இப்போது அந்த இடத்தில் மனைக் கற்கள். வாசலில் டிப்பர் லாரி நின்றது. சேகர் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வந்து வழியை மறித்தார்.

“இன்னா மேடம், ஊட்டாண்டயே வந்துட்டீங்களா? எம் புள்ளைக்கு கண்ணு நல்லாத்தான் கீது. கெளம்புங்க.”

“உள்ள வரலாமா?” என்றார் டாக்டர்.

“வாணாம்.”

“சரி, இங்கேயே பேசலாம்.” வீட்டோரமாக அடுக்கியிருந்த ஹாலோ பிளாக் கல்லொன்றின் மேல் டாக்டர் உட்கார்ந்துவிட்டார். புடவையெல்லாம் சிமென்ட் தூசி. சேகர் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவரும் எதிரே குந்தினார். அப்படியே கொட்டினார்.

“எங் கண்ணு முன்னாடி எம் பொண்ணு நீலமாப் பூட்ச்சி மேடம். கண்ணாடி வழியா பாத்துகினே நிக்கறேன். நீங்கல்லாம் கால தேச்சிகினு கீறீங்க. செத்துப்பூட்ச்சின்னே நெனச்சேன். அப்பால ஒரு நர்சம்மா வந்து, ‘அடுத்த வாரம் வாங்க’ன்றாங்க. இன்னாத்துக்கு? இன்னொரு தபா மூச்ச நிறுத்தறதுக்கா?”

டாக்டர் “நீங்க பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியாது” என்றார். “கண்ணைத் தொட்டா சில குழந்தைக்கு நெஞ்சுத் துடிப்பு குறையும், மூச்சு நிக்கும். அது தெரிஞ்சுதான் பக்கத்துலயே எல்லாம் வச்சிருக்கோம். அதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். முடிஞ்ச பிறகாவது வந்து சொல்லியிருக்கணும். நான் சொல்லலை. உங்க கோவம் நியாயம்.”

“இன்னொரு தபா நடக்குமா?”

“நடக்கலாம். நடக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

இப்படிச் சொன்னால் யார் குழந்தையைத் தருவார்கள்? சேகர் எழுந்துவிட்டார். அப்போதுதான் அமுதா வெளியே வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“நீ பயந்துட்ட, சரி” என்றாள் கணவரிடம். “நானுந்தான் பயந்தேன். ஆனா நீ லாரி எடுத்துகினு பூடற. நான் தெனம் இவ கண்ணயே பாத்துகினு உக்காந்துகினு கீறேன். உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம எத்தினி நாளு இப்படியே உக்கார்றது, சொல்லு?”

சேகர் லாரியின் சக்கரத்தைக் காலால் உதைத்துக்கொண்டு நின்றார். பிறகு டாக்டரிடம், “நான் உள்ள இருப்பேன். கண்ணாடிக்கு அந்தாண்ட நிக்க மாட்டேன்” என்றார்.

“பக்கத்துலயே நில்லுங்க. குழந்தை மேல கையை வச்சுக்கங்க. நீங்க போதும்னு சொன்னா எடுத்துடறேன்.”

மூச்சு நின்றால் சமாளிக்கத் தேவையானதெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அதனால் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்கே திரும்பினோம். அப்பா உள்ளே நிற்பதற்கு அங்கே முதலில் சம்மதிக்கவில்லை. டாக்டர் பேசிச் சம்மதம் வாங்கினார். சேகருக்கு மேலங்கி மாட்டிவிட்டேன். தோள்பட்டையில் பிடித்தது, பின்னால் முடிச்சுப் போடவே வரவில்லை. சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்த நேரம் முழுக்க அவர் ஒரு விரலை மட்டும் குழந்தையின் கைக்குள் கொடுத்திருந்தார். கியர் போட்டுப் போட்டுக் காய்த்துப்போன விரல். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

“இவ்ளோ கெட்டியா புடிக்குது சிஸ்டர்” என்றார் என்னிடம் மெதுவாக. அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

தலையை என் கைகளுக்குள் எடுத்துக்கொண்டேன். டாக்டர் குழந்தையிடம் வழக்கம்போல் சொல்லிவிட்டு வலது கண்ணில் கேமராவை வைத்தார். திரையில் படம் விரிந்தது. ரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொண்டு, புழு மாதிரி நெளிந்து கிடந்தன. டாக்டரின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அடுத்த நொடி மானிட்டரில் துடிப்பு இறங்கும் சத்தம். சேகர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கேமராவை எடுத்துவிட்டார். உள்ளங்காலைத் தேய்த்தேன். இந்தமுறை மூச்சு நிற்கவில்லை. தடுமாறி, மறுபடி பாதைக்கு வந்தது. எல்லோரும் அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெகுநேரம் கழித்து டாக்டர் கேட்டார்: “சேகர், இன்னொரு கண்ணு பார்க்கலாமா?”

அவருடைய கன்னமெல்லாம் ஈரம். துடைக்கக்கூட இல்லை, கையைக் குழந்தையிடமிருந்து எடுக்க வேண்டுமே. “பாருங்க மேடம்” என்றார்.

இடது கண்ணில் விழித்திரை ஏற்கனவே ஒரு பக்கம் பிய்ந்து தூக்கியிருந்தது.

அவர்கள் இருவரையும் ஒரு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். மறுநாளே இரண்டு கண்ணிலும் லேசர். வலது கண்ணில் அந்தத் தாறுமாறான குழாய்கள் மெல்ல அடங்கின, விழித்திரை பிழைத்துக்கொண்டது. இடது கண்ணுக்குப் பிறகு பெரிய அறுவைச் சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சியது.

சில மாதங்கள் கழித்து ஒரு மறுபரிசோதனைக்கு வந்திருந்தார்கள். அமுதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகும் சேகர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“ஒண்ணு கேக்கணும் மேடம். மெய்யச் சொல்லணும். நீங்க வரச் சொன்ன அன்னிக்கே நான் கூட்டியாந்திருந்தா ரெண்டு கண்ணும் பொழச்சிருக்குமா?”

நான் மேசை மேலிருந்த பஞ்சுருண்டைகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். டாக்டர் ‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த மனிதன் ராத்திரி தூங்க வேண்டும். லாரி ஓட்ட வேண்டும்.

“பிழைச்சிருக்கலாம் சேகர்” என்றார் டாக்டர். “நிச்சயமா சொல்ல முடியாது. எல்லாம் சரியா செஞ்சும் சில குழந்தைக்குப் போயிடுது. ஆனா அந்த நாள் நம்ம கையில இருந்திருந்தா வாய்ப்பு அதிகம்.”

சேகர் தலையாட்டினார். ஏற்கனவே தெரிந்த விஷயத்தைக் கேட்டவர் போல.

“ஆனா அந்த நாளை நீங்க மட்டும் தொலைக்கலை. அன்னிக்கு மூச்சு திரும்பினதும் நான் வெளிய வந்து உங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா, அடுத்த வாரம் நீங்க வந்திருப்பீங்க. பாதி என்னுது.”

“நீங்க பாதிய எடுத்துகினா எம் பாதி கொறஞ்சிடுமா மேடம்?”

“குறையாது. ஆனா தனியாத் தூக்க வேண்டாம்.”

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மற்ற நோயாளிகள் காத்திருந்தார்கள். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடச் சொல்லவில்லை. கடைசியில் சேகரே எழுந்து, “வரேன் மேடம்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு மறுபரிசோதனையைக்கூட அவர் தவறவிடவில்லை.

அந்த வாரமே எங்கள் வேலை முறை மாறியது. சொட்டு மருந்துக்கு முன்பே பெற்றோரை உட்காரவைத்து, என்ன செய்யப்போகிறோம், எது நடக்கக்கூடும் என்று சொல்லிவிடுவோம். உள்ளே நிற்க விரும்பியவர்களை நிற்கவிடச் சொல்லி ஆஸ்பத்திரிகளிடம் வாதாடினோம். சில இடங்களில் ஒப்புக்கொண்டார்கள், சில இடங்களில் இல்லை. டாக்டருக்கு ஓட வேண்டியிருந்தால் நான் ஓடாமல் பின்தங்கி, பெற்றோர் பக்கத்தில் உட்கார வேண்டும். பிறகு பஸ் பிடித்து வந்துகொள்ளலாம். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே நான் எத்தனை பஸ் பிடித்திருப்பேன்! கவிதா, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இந்தப் பஸ்கள்தான். கருவி நல்ல கருவியாகவே இருக்கட்டும். டாக்டர் கிடைக்காத ஊர்களில் எத்தனையோ குழந்தைகளை அது காப்பாற்றும். ஆனால் அது சொன்ன பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் யாராவது போக வேண்டும்.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காகப் பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வேலப்பன்சாவடியில் ஒரு பெண் பள்ளிச் சீருடை போட்ட சிறுமியோடு ஏறினாள். சிறுமிக்குக் கனமான கண்ணாடி. நான் அடையாளம் கண்டுகொள்வதற்குள் அவளே, “பத்மா சிஸ்டரா? நான் அமுதா!” என்று கத்திவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சேகர் இப்போது சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டுகிறாராம். “பொண்ண தெனம் அவருதான் ஸ்கூல்ல உடறாரு. இன்னிக்குத்தான் லோடு ஏத்தப் பூட்டாரு” என்றாள்.

சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்கு இடது பக்கத்தில் இருந்தேன். முகத்தை முழுக்கத் திருப்பி என்னைப் பார்த்தவள், “ஆன்ட்டி, நீங்க இந்தப் பக்கம் வாங்க. அந்தப் பக்கம் உக்காந்தா தெரிய மாட்டீங்க” என்றாள். சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்வதுபோல, சாதாரணமாக.

இடம் மாறி உட்கார்ந்தேன். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, என் முகத்துக்கு மிக அருகில் வந்து, நெற்றி, கண், கன்னம் என்று நிதானமாகப் பார்த்தாள். பஸ் குலுங்கியது, மெட்ரோ வேலைக்காகச் சாலை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அவள் பார்வை என் மூக்கில் வந்து நின்றது.

“உங்க மூக்குத்தில ஒரு கல்லு காணோம் ஆன்ட்டி” என்றாள்.

தினமும் கண்ணாடி பார்க்கிறவள் நான். எனக்குத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். ஓரத்தில், கடுகளவு ஒரு குழி. கல் இல்லைதான்.